நாய்க்குச் சட்டை தைத்த தீபாவளி

மதுரைப் பழங்காநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி "நாய் டெய்லர் கடை எது?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட ஆள் ஊருக்குப் புதுசாக இல்லாவிட்டால் கையை நீட்டி என் கடையைக் காட்டிவிடுவார். முப்பது வருஷமாகக் கோட்டு, கல்யாணச் சட்டை, பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் என்று தைத்திருக்கிறேன். காலர் வைப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ஆனாலும் ஊர் எனக்குக் கொடுத்த பட்டம் இதுதான். டீக்கடையில் கிண்டலாக ஆரம்பித்தது. ஒருநாள் கோபத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இப்போதெல்லாம் யாராவது அந்தப் பெயரைச் சொல்லாமல் என்னை அறிமுகப்படுத்தினால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இத்தனைக்கும் எனக்கு நாய் என்றால் குலைநடுக்கம். சின்ன வயதில் ஒரு தெருநாய் கெண்டைக்காலைக் கவ்வி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதை என் வயிறு இன்னும் மறக்கவில்லை. நாங்கள் பட்டுநூல்காரர்கள்; வீட்டுக்குள் எங்கள் சௌராஷ்டிர பாஷை, வெளியில் தமிழ். தாத்தா தறி நெய்தார், அப்பா தையல் மிஷினுக்கு வந்தார். எங்கள் வம்சத்தில் ஒருத்தரும் நாயைத் தொட்டதாகச் செய்தி இல்லை. அப்படிப்பட்டவன் மதுரைக்குக் கிழக்கே இருக்கிற கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமியில், ஊர் ஊராகப் போய் வேட்டைநாய்க்கு நெஞ்சளவு எடுத்தேன் என்றால் என் மனைவிக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் வாடிக்கையாளர் ஒருவர் கால்நடை டாக்டர். மாட்டுக்கு முன்னால் மண்டியிட்டே அவருடைய பேண்ட்டெல்லாம் முட்டியில் தேய்ந்துபோகும். மாதம் ஒரு பேண்ட்டாவது முட்டியில் ஒட்டுப்போட வரும். அந்தத் தடவை "கப்பலூர்ல என் கூட்டாளி பட்டறையில இருப்பேன், அங்க கொண்டாந்து குடுத்துருங்க டெய்லரே" என்று சொல்லியிருந்தார். நானும் ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் போனேன்.

பட்டறை வாசலில் ஒரே சத்தம். டாக்டர் ஒரு பக்கம், பட்டறை முதலாளி ஒரு பக்கம், நடுவில் இரும்பில் அடித்த ஒரு சட்டம். லேத்தில் கடைந்து, அளவு கோடு போட்டு, மேலும் கீழும் நகர்கிற மாதிரி முதலாளியே செய்த உயரமானி. அதற்குள்ளே ஒரு செவலை நாயை நிறுத்தப் பார்க்கிறார்கள். இரும்பு 'டங்' என்றதும் நாய் குறுகிப் பதுங்குகிறது. டாக்டர் அளந்தால் ஒரு உயரம், முதலாளி அளந்தால் இன்னொரு உயரம், திரும்ப டாக்டர் அளந்தால் மூன்றாவதாக ஒன்று.

"மாப்ள, ஓங் கண்ணுல பழுதா, எங் கம்பியில பழுதா?" என்றார் முதலாளி.

நான் எட்டி நின்றபடியே சிரித்துவிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணே, பயந்து நிக்கிறவனுக்கு அளவெடுத்தா சட்டை பத்தாமத்தான் போகும். மொதல்ல அது மூச்சு விடட்டும்" என்றேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கழுத்தில் இஞ்சு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

விஷயத்தை டாக்டர்தான் விளக்கினார். முதலாளி தன் நாயைச் சென்னையில் ஒரு நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார். படிவத்தில் 'இனம்' என்ற இடத்தில் அவர் எழுதியதை அடித்துவிட்டு 'கலப்பு' என்று எழுதி ஓரமாக நிறுத்திவிட்டார்களாம். கேட்டதற்கு, "உங்க நாய்க்கு எழுதிவச்ச இலக்கணம் எங்கே? உயரம் எவ்வளவு, நெஞ்சு எவ்வளவு, காது எப்படி, வால் எப்படி, என்னென்ன நிறம்? எழுதி அனுப்புங்க. எங்க ஆள் நேர்ல வந்து பார்ப்பார். சரியா இருந்தா புஸ்தகத்துல ஏத்துறோம்" என்றிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நாய் அத்தனைக்கும் எழுத்து இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் காட்டில் ஓடுகிற நாய்க்கு ஒரு வரி கிடையாது. அதைச் சொல்லும்போது முதலாளிக்குக் கண் சிவந்துவிட்டது.

எங்கள் நாய்க்கு என்ன பெயர் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு ஊரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் வேறு பெயர். ஒன்றைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர் இன்றைக்கும் சண்டைக்கு வருவார். எங்கள் நாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்து எதற்காக அவ்வளவு முக்கியம் என்பதை டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "எழுதுன அளவுக்குள்ள அடங்காத நாய் பழுதுன்னு ஆயிரும் டெய்லரே. பழுதான நாய்ல யாரும் குட்டி எடுக்க மாட்டான். கொஞ்ச வருஷத்துல தாள்ல இருக்கிற நாய்தான் ஊர்ல இருக்கும்." அதாவது, தப்பாக எழுதினால் எழுதாமல் விட்டதைவிட மோசம். எனக்கு அது சட்டென்று புரிந்தது. அளவு தப்பினால் துணி போச்சு. வெட்டின துணியை ஒட்டவா முடியும்?

அடுத்த ஞாயிறிலிருந்து கிளம்பினோம். டாக்டர் முன்னால், நான் பின்னால். இரும்புச் சட்டம் பட்டறையிலேயே கிடந்தது. என்னிடம் இருந்தது ஒரு மர ஸ்கேல், ஒரு டேப், கடையின் அளவு நோட்டு. தோளின் மேட்டில் ஸ்கேலைக் கிடையாக வைத்து, அதன் நுனியிலிருந்து டேப்பைத் தரைக்குத் தொங்கவிடுவேன். நாய் மூச்சை வெளியே விடுகிற வரை காத்திருந்து படிப்பேன். நோட்டில் அச்சடித்திருந்த கட்டங்கள் மனுஷனுக்கானவை: நெஞ்சு, இடுப்பு, கை நீளம், கழுத்து. அதையே நாய்க்கும் வைத்துக்கொண்டேன். முன்னங்கால்தான் கை.

நிறத்தில் பெரிய தகராறு வந்தது. ஒருத்தர் செவலை என்பார், அதே நாயை இன்னொருத்தர் சந்தனம் என்பார். டாக்டர் இங்கிலீஷில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். நான் கடையிலிருந்து வெட்டுத் துணிகளை ஒரு பையில் கொண்டுபோனேன். நாயின் முதுகில் ஒவ்வொரு துணியாக வைத்துப் பார்த்து, ஒத்துப்போகிற துண்டை நோட்டில் பின்னூசியால் குத்திவைத்தேன். எங்கள் கடையில் எந்த ஆர்டருக்கும் அப்படித்தான் செய்வோம். அதற்கப்புறம் நிறத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

என் பயம் மட்டும் போகவில்லை. நாய் பக்கத்தில் குனியும்போதெல்லாம் வாய் தானாக எங்கள் வீட்டுப் பாஷையில் முணுமுணுக்கும். ஆனால் அதுவே உபகாரமாகப் போயிற்று. தமிழில் அதட்டு வாங்கிப் பழகிய நாய்களுக்கு இந்தப் பாஷை புதுசு. 'இதென்னடா சத்தம்' என்று அப்படியே சிலையாக நின்று காதைத் தூக்கும். காது நிமிர்ந்த காதா, நுனி மடிந்த காதா என்று டாக்டரும் முதலாளியும் வாரக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். கவனிக்கும்போது தூக்கும், நுனி மட்டும் மடிந்து நிற்கும் என்பதை என் முணுமுணுப்புதான் தீர்த்துவைத்தது. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பயத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

இப்படி மழைக்காலம் வருவதற்குள் நோட்டில் பாதி நிறைந்தது. டாக்டர் உட்கார்ந்து எழுதினார், டைப் அடித்தோம். பெட்டை நாயின் உயரம் இருபத்திரண்டு இஞ்சுக்குப் பக்கம், கடுவன் அதற்கு ஒரு இஞ்சு மேலே. தாளைப் பார்த்த முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்கப்பா வச்சிருந்த நாயி இடுப்புக்கு வரும் மாப்ள. இது என்ன, பூனைக்கு அக்கா மாதிரி எழுதிருக்க?" என்றார். "இருக்கிறதத்தானே எழுத முடியும். வம்சம் சிறுத்துப்போச்சு போல" என்றார் டாக்டர். அவர் குரலும் தொய்ந்துதான் இருந்தது. நாயை நேரில் பார்க்கக் கண்காட்சிக்காரர்கள் அனுப்பும் வெளியூர்ப் பெரியவர் தீபாவளி முடிந்த மறு ஞாயிறு வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

விட்டுப்போன ஒன்றிரண்டு அளவைச் சரிபார்க்கத் திருவாதவூருக்கு மறுபடியும் போனோம். அங்கே ஒரு சம்சாரி, விவசாயம் பார்ப்பவர். ஒல்லியான ஆள், வாய் அதிகம் திறக்கமாட்டார். மேலே சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை; வேட்டி, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். டாக்டர் அவருடைய மாட்டைப் பிழைக்கவைத்த காலத்திலிருந்து டாக்டரிடம் அவருக்கு ரொம்ப மரியாதை. தன் பெட்டை நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். போன தடவை அளந்த அதே நாய்தான்.

நான் கழுத்தளவுக்காகப் பட்டையைத் தளர்த்தினேன். தோல் பட்டை, நாள்பட்டது. கொக்கி உள்ளோட்டையில் மாட்டியிருந்தது. ஆனால் அந்த ஓட்டை புத்தம் புதுசு. ஆணியால் குத்தின மாதிரி ஓரம் கூர்மையாக இருந்தது. அதற்கு மூன்று ஓட்டை தள்ளி இருந்ததோ நீண்டு, தேய்ந்து, தோலில் கொக்கியின் தடமே பதிந்திருந்தது.

அண்ணன் பேண்ட்டை இடுப்பில் சுருக்கிக் கட்டிக்கொண்டு வருகிற தம்பிமார்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! இந்தப் பட்டை இந்தக் கழுத்துக்கு உரியது இல்லை.

"அண்ணே, இந்தப் பட்டை யாருது?" என்றேன்.

"இதுதேன். இதோடதுதேன்."

"இது கழுத்து பதிமூணு. பட்டை தேஞ்சிருக்கிற எடத்தப் பாத்தா பதினாறு வருது. அந்தப் பதினாறு எங்கண்ணே இருக்கு?"

அவர் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொழுவத்துக் கதவைப் பார்த்தார். போன தடவை அந்தக் கதவுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்துதான் நாங்கள் டீ குடித்தோம்.

"வெறுமனே அளக்கக் கூடாதுண்ணே" என்றார் கடைசியில். "நல்லா இருக்கிற உசுர வெறுமனே அளந்தா ஆகாது. மனுசன எப்ப அளப்பாக? குழி வெட்டுறப்பத்தேன். டாக்டரு பேச்சையும் தட்ட முடியல. நாயையும் குடுக்க முடியல. அதேன், இத கொண்டாந்து நிப்பாட்டுனேன்."

"இந்த ஊர்ல மத்தவங்க?" என்றார் டாக்டர்.

"எல்லாருந்தேன். இங்க மட்டுமா, நீங்க போன ஊர் பூராவுந்தேன்."

டாக்டர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். மாதக்கணக்கில் ஞாயிறு ஞாயிறாக அலைந்து, நாங்கள் நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தது, சுற்று வட்டாரத்தில் இருக்கிற இரண்டாந்தர நாய்களின் அளவை. அந்தத் தாள் மட்டும் புத்தகத்தில் ஏறியிருந்தால், தொழுவத்துக்குள் இருக்கிற அத்தனை நல்ல நாயும் 'அளவுக்கு மீறியது, பழுது' என்று ஆகியிருக்கும். மரியாதையும் பாசமும் சேர்ந்து எங்களை அப்படிக் கவிழ்க்கப் பார்த்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது. "ஏண்ணே, நானும் இத்தன வருஷமா ஊரையே அளந்துக்கிட்டு இருக்கேன். எங்கிட்ட அளவு குடுத்தவன்ல எவன் செத்தான்? அளவு குடுத்தவனெல்லாம் மாப்பிள்ளையாத்தான் போயிருக்கான்!"

அவர் கொஞ்சங்கூட அசரவில்லை. "நீங்க சட்டை தைக்கத்தேன அளக்குறீக? அது நல்ல காரியம். நாயி என்ன சட்டையா போடப்போகுது?"

அந்தக் கேள்வி என் மண்டையில் நங்கென்று விழுந்தது. பொங்கலுக்கு மாட்டுக்கே புதுத்துணி கட்டுகிற ஊர். "தச்சுத் தாரேன்" என்றேன். "அளக்குற ஒவ்வொரு நாய்க்கும் ஒரு மேல்துணி. நெஞ்சுல பட்டன், வயித்துல நாடா. புதுத்துணியில. அப்ப வெறும் அளவு இல்லையே?"

அவர் யோசித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "பட்டுநூல்காரவுக சொன்னா தச்சுக் குடுப்பாக, கதவத் தெறங்க" என்றார். கதவு திறந்தது.

அதை எப்படிச் சொல்வேன். உள்ளே இருட்டுக்குள்ளிருந்து ஒரு செவலைப் பெட்டை அவசரப்படாமல் நடந்து வந்து வெயிலில் நின்றது. கால் நீண்டு, நெஞ்சு ஆழமாக இறங்கி, வயிறு உள்வாங்கி, உடம்பில் ஒரு இடத்திலும் கூடுதல் கிடையாது, குறைச்சலும் கிடையாது. நல்ல கட்டிங் என்று எங்கள் தொழிலில் சொல்வோமே, அது. நான் பயத்தை மறந்து அதன் முன்னால் மண்டியிட்டேன். ஆனாலும் வாய் முணுமுணுப்பதை விடவில்லை. நாய் காதைத் தூக்கியது, நுனி மடிந்து நின்றது. உயரம் இருபத்தைந்தே கால். இரண்டு தடவை அளந்தேன். இருபத்தைந்தே கால்.

திரும்பி வரும் வழியில் டாக்டர் வண்டியை நிறுத்தி ஒரு மரத்தடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வம்சம் சிறுக்கல டெய்லரே" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த நிமிஷம் ஏற்பட்ட பெருமை, என் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட ஏற்பட்டதில்லை. இதை என் பிள்ளை படித்தால் கோபித்துக்கொள்வான். பரவாயில்லை.

ஆனால் தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தையல்காரனுக்குத் தீபாவளி என்றால் என்னவென்று மதுரையில் சொல்ல வேண்டியதில்லை. கடை முழுக்கத் துணி. காஜா போடுகிறவர் மூன்று கடைக்கு ஓடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நான் எல்லா ஊருக்கும் மறுபடி போய், எல்லா நாயையும் மறுபடி அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேல்துணி தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதுவும் வெட்டுத் துணியில் ஒட்டுப்போட்டு இல்லை. புதுத்துணி என்று வாக்குக் கொடுத்தாயிற்று.

வீட்டில் சொன்னதும் மனைவி எங்கள் பாஷையில் எனக்குப் பாடிய மங்களத்தைத் தமிழில் எழுத முடியாது. பாடி முடித்துவிட்டு, "எத்தனை நாய்?" என்று கேட்டாள். சொன்னேன். ஒரு காடாத்துணி பேலை இழுத்துப் போட்டு, "வெட்டிக் குடுங்க, நான் ஓரம் அடிக்கிறேன்" என்று மிஷினில் உட்கார்ந்தாள். அவள் அப்படித்தான்.

வாரநாளிலும் மத்தியானத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். திருவாதவூர்க்காரரே எங்களுக்கு ஒரு ஊர் முன்னால் போய், "புதுத்துணி தைக்கத்தேன் அளக்குறாக, தொழுவத்தத் தெறங்கப்பா" என்று சொல்லிவைப்பார். போன இடத்திலெல்லாம் ஒரு கதவு திறந்தது. ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு ஆச்சரியம் இருந்தது. அப்போதே வேட்டைக்குத் தடை, காவலுக்குத்தான் நாய். ஆனாலும் அந்த நாய்கள் நின்ற நிலையைப் பார்த்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் முயல் இருக்கிறது என்றே தோன்றும்.

கடையில் வசவு மழை பொழிந்தது. ஒரு வாத்தியார், என் இருபது வருஷ வாடிக்கை, தன் பேண்ட் தைக்காமல் கிடப்பதையும் பக்கத்தில் நெஞ்சில் பட்டனும் வயிற்றில் நாடாவுமாக ஒரு மேல்துணி அயர்ன் பண்ணி மடித்திருப்பதையும் பார்த்துவிட்டார். "இது யாருக்குய்யா?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. "நாய்க்கு சார்" என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் எனக்குப் பட்டம் சூட்டியாயிற்று. சொன்ன தேதிக்குத் துணி கொடுக்காத தீபாவளி என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அந்த வாத்தியார் பழைய பேண்ட்டோடுதான் தீபாவளி கொண்டாடினார். அவரிடம் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

புது அளவை வைத்துத் தாளைத் திருத்த உட்கார்ந்தபோது முதலாளிக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. அவர் லேத் பட்டறைக்காரர். ஒரே எண்ணை எழுதி, நூல் பிசகக் கூடாது என்று நின்றார். "உசுருள்ள ஒடம்புண்ணே, இரும்பு இல்ல" என்றேன். "உள்மடிப்புல கூடுதல் துணி விடாம தச்ச சட்டை மொத நாளைக்கு மட்டுந்தான் அழகா இருக்கும். இருபத்தினாலுல இருந்து இருபத்தாறு வரைக்கும்னு எழுதுங்க. நல்ல நாய் ஒண்ணுகூட வெளிய நிக்கக் கூடாது." டாக்டர் என் பக்கம் சாய்ந்தார். அப்படியே எழுதினோம்.

வெளியூர்ப் பெரியவர் சொன்னபடி வந்தார். கப்பலூர்ப் பட்டறை வளாகத்தில் தண்ணீர் தெளித்து, நாற்காலி போட்டிருந்தோம். கறுப்புக் கோட்டு, நல்ல தையல், ஆனால் வலது தோளில் ஒரு சுருக்கம். அதைச் சொல்லிவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். தாளை வாங்கிப் படித்தார். உயரத்துக்கு வந்ததும் புருவத்தைத் தூக்கினார். இந்தப் பக்கத்து நாயைப் பற்றி அவர் முன்பு கேள்விப்பட்டதெல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்றுதானாம். ஊர்ப் பெருமைக்காக இஞ்சைக் கூட்டியிருக்கிறோம் என்று அவர் இங்கிலீஷில் நாசூக்காகச் சொன்னதை டாக்டர் எனக்கு நாசூக்கே இல்லாமல் மொழிபெயர்த்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நானா கூட்டினேன்? அளவைக் கூட்டுகிற கையா இது?

உயரமான நாயாக நிறுத்திக் காட்டலாம் என்று பார்த்தால், வந்திருந்த ஒன்றிரண்டும் சின்னதுதான்; திருவாதவூர்க்காரரைக் காணவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. தொழுவத்தில் அளவு கொடுத்தது ஒன்று. ஊர் பார்க்க, கோட்டுப் போட்ட அந்நியர் பார்க்க நிறுத்துவது வேறு. கண்பட்டுவிடும் என்று பயந்து வராமலே இருந்துவிடுவாரோ என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். முதலாளி ஒரு பீடியை முடிக்காமல் இன்னொன்றைப் பற்றவைத்தார்.

பதினொன்றரைக்கு ஹைவேயில் ஒரு டிராக்டர் நின்றது. அவர் இறங்கினார். கூடவே செவலைப் பெட்டை, நான் தைத்த காடாத்துணி முதுகில் கச்சிதமாக உட்கார்ந்திருக்க. பின்னாலேயே டிராக்டர் டிரெய்லரிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர், ஏழெட்டு நாய், எல்லாம் துணியோடு. வழியில் ஊர் ஊராக நின்று, வரத் தயங்கியவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அதனால்தான் தாமதம்.

பெரியவர் துணியைக் கழற்றச் சொன்னார். "தச்சவரு கழட்டட்டும்" என்றார் திருவாதவூர்க்காரர். நான் போய் முணுமுணுத்துக்கொண்டே பட்டனைக் கழற்றினேன். பெரியவர் தன் சொந்த அளவுகோலை எடுத்தார். பித்தளைப் பூண் போட்ட கோல். ஒரு தடவை அளந்தார். சுற்றி வந்து இன்னொரு தடவை அளந்தார். பிறகு தாளைப் பார்க்காமல் என் நோட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பெட்டையின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னூசியில் குத்தியிருந்த செவலைத் துணியைத் தடவி, நாயின் முதுகையும் தடவினார்.

"இருபத்தைந்தே கால்" என்றார். "அளந்தது யார்?"

டாக்டர் என்னைக் காட்டினார். "என்ன வேலை பார்க்கிறார்?" என்றார் பெரியவர்.

"டெய்லர்" என்றேன் நானே, இங்கிலீஷில். அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அச்சான தாள் வர ரொம்ப நாளாயிற்று, இரண்டாயிரமும் தாண்டிவிட்டது. அதில் டாக்டர் பெயர் இருந்தது, முதலாளி பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. மனைவிதான் குறைப்பட்டாள். எனக்குக் குறையே இல்லை. 'இருபத்தினாலு முதல் இருபத்தாறு வரை' என்று அச்சில் இருந்ததே, அந்த இரண்டு இஞ்சு இடைவெளி நான் விட்ட துணி.

தாள் வந்த வாரம் திருவாதவூர்க்காரர் கடைக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. அதே வேட்டி, அதே துண்டு. "நம்ம நாயி எந்த எடத்துல இருக்குண்ணே?" என்று கேட்டார். உயரம் எழுதியிருந்த வரியில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். அந்த வரியை மெதுவாகத் தடவினார். "அது இன்னும் நல்லாத்தேன் இருக்கு. மூணாவது ஈத்து போட்டுருக்கு" என்றார். அளந்ததால் அதற்கு ஏதும் ஆனதா என்று நான் கேட்காமலேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அது பதில்.

பிறகு துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். எனக்கும் ஒண்ணு அளந்துருங்க" என்று இரண்டு கையையும் அகல விரித்து நின்றார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். வாழ்க்கையில் யாருக்கும் அளவு கொடுக்காதவர். நான் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அவருடைய பெட்டையின் அளவுக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. டேப்பை அவர் நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்தபோது மனுஷன் மூச்சையே விடாமல் விறைத்து நின்றார். என்னை அறியாமல் வாய் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது.

"என்னண்ணே, நாயிட்ட பேசுன பாசையில எங்கிட்டயும் பேசுறீக?" என்றார். "இம்புட்டு நாளா கேக்கணும்னு இருந்தேன். அதுக்கு என்ன அர்த்தம்? மந்திரமா?"

"மந்திரமெல்லாம் இல்லண்ணே. 'கடிச்சுராத தாயி, நான் புள்ளகுட்டிக்காரன்.' அம்புட்டுத்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் டேப் கையிலிருந்து நழுவிவிட்டது. அடங்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். மறுபடி அளந்தேன். அது சிரித்து மூச்சு விட்ட நெஞ்சில் எடுத்த அளவு என்பதால், அரை இஞ்சு கூட விட்டுத் தைத்தேன்.